கத்தரிப் பாத்திக்கு வரம்பு

மகள் அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் உடுப்பு மாற்றாமலே சொன்னாள், ஆளுக்கு ஒரு உரப்பை மண் கொண்டுபோக வேணுமாம் என்று. கடையில் வாங்கின மண் கூடாது. அடுத்த வீட்டு மண்ணும் கூடாது. அவரவர் மண். ரீச்சர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

உரம் இல்லாமல் போய், மரக்கறி விலையைக் கேட்கவே பயமாக இருந்த காலத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் தோட்டம் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் கொஞ்ச நாளில் அது புல் பிடித்துப் போனது. எங்கள் ஊரில் போகவில்லை. காரணம் அந்த ரீச்சர். மட்டக்களப்பு டவுனில் இருந்து பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வருவார். சின்ன வயது. சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டி பிடிப்பார். பிள்ளைகளும் அவரோடு நின்று பிடிப்பார்கள். செடியைப் படிக்க முதல் மண்ணைப் படிக்க வேணும் என்பது அவருடைய கதை. அதுக்குத்தான் வீட்டு மண்.

வளவில் அள்ளிக் கொடுங்க என்று மனிசி சொன்னாள். வளவு அவளுடைய சீதனம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அதில் நிற்கிறது. நிலம் கிறவல், சரளைக் கல் கலந்த மண். மண்வெட்டி போட்டால் கை அதிரும். ஒரு முருங்கை நிற்கிறது, இரண்டு வாழை நிற்கிறது. வாழை பேருக்குத்தான்.

மகள் முகத்தைச் சுளித்தாள்.

"இதையா கொண்டுபோற? நம்மட வயல் மண் இரிக்கே. அதைக் கொண்டுவாங்கப்பா."

மனிசி என்னைப் பார்த்தாள். நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றேன். ரயர் இறுகின பிறகும் அடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வயல் எங்களுடையது இல்லை. போடியாருடையது. எங்கள் பக்கத்தில் பெரிய வயல் காணி உள்ளவரைப் போடியார் என்போம். ஒரே வெளியாகக் கிடக்கிற வயல்களை வட்டை என்போம். அந்த வட்டையில் வாய்க்கால் ஓரமாக உள்ள நல்ல காணி அவருடையது. கலியாணம் முடித்த வருசத்தில் இருந்து நான் அதில் வேலை. உழவு, விதைப்பு, தண்ணி மாற்றுவது, மருந்தடிப்பு, யானைக் காவல் எல்லாம் நான். போடியார் டவுனில் இருக்கிறார். பிக்கப்பில் வருவார். வரம்பில் நின்று பார்ப்பார். போவார். வெட்டு முடிந்தால் லொறியோடு வந்து நெல்லை ஏற்றுவார்.

காவல் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் வயல் வாடியில்தான் இருப்போம். கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த சின்னக் குடில். மகள் தவழ்ந்தது அதில்தான். நடக்கப் பழகினது வரம்பில். என்னைப் போல வேலை செய்கிற எல்லாரும் வீட்டில் நம்மட வயல் என்றுதான் கதைப்பார்கள். நம்மட வயலுக்குத் தண்ணி வந்திட்டு, நம்மட வயலில் பன்றி இறங்கிட்டு, இப்படி. அதைப் பொய் என்று ஒருத்தரும் நினைப்பதில்லை. பெரிய ஆட்களுக்கு விளங்கும். பிள்ளைக்கு விளங்காது என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு, வளவு, வயல் எல்லாம் பெண் பிள்ளைக்குத்தான் கொடுப்பது. ஒருமுறை வாடியில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள், இந்த வயல் பிறகு ஆருக்கு என்று. கதிர் பால் பிடித்து நின்ற நேரம். பார்க்க நல்லாக இருந்தது. உனக்குத்தான் என்றேன். சும்மா வாயில் வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் சோற்றில் கை வைத்தாள். மனிசி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மண் எடுக்கப் போன நேரம் வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கறுத்தக் களிமண். பாளம் பாளமாகப் பெயர்த்தேன். மண்வெட்டியின் முதுகால் தட்டி உடைத்துப் பையில் போட்டேன். போடியாரிடம் கேட்க வேணும் என்று மனதில் வரவில்லை. வருசக் கணக்காக என் காலில் ஒட்டி வீட்டுக்கு வருகிற மண். அதோடு எனக்கு அந்த மண்ணில் பெருமையும் இருந்தது. நெல்லுக்கு அதைப் போல மண் அந்த வட்டையில் இல்லை. பிள்ளை நல்ல மண்ணோடு போகட்டும் என்று நினைத்தேன்.

பையைச் சைக்கிளில் கட்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினேன். பின்பக்கம் மாடு படுத்த வெறுங்காணி. பிள்ளைகள் பைகளோடு வட்டமாக நின்றார்கள். ஆற்றோரப் பிள்ளை மணல் கொண்டுவந்திருந்தது. ஒரு பையன் செம்மண். வாவிக் கரையில் வீடு, இங்கே தாயின் ஊரில் தங்கிப் படிக்கிற ஒரு பிள்ளை, சிப்பி கலந்த மணல் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு பக்கமாக நின்றது. சிப்பியைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் அதட்டவில்லை. அந்தச் சிப்பியில் ஒன்றை எடுத்து, இதுவும் மண்ணுக்குச் சாப்பாடுதான் என்றார்.

பிறகு எல்லாரையும் மண்ணை நனைத்து உருட்டச் சொன்னார். மணல் உருண்டை கையிலேயே உதிர்ந்தது. செம்மண் உருண்டது, வளைக்க உடைந்தது. மகளின் களி பாம்பு போல நீண்டது. வளைத்து வளையல் ஆக்கினாள். உடையவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவள் அதைக் கையில் போட்டுக் காட்டினாள்.

"எங்கட வயல் மண்" என்றாள்.

ரீச்சர் என் பக்கம் திரும்பி, வயல் எவ்வளவு அண்ணன் என்று கேட்டார். ஏழு ஏக்கர் செய்யிறம் ரீச்சர் என்றேன். செய்யிறம் என்பது பொய் இல்லை. அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மண்ணை முதலில் கலக்கக் கூடாது என்பது ரீச்சரின் ஏற்பாடு. அவரவர் மண்ணில் அவரவர் பாத்தி. கத்தரி எல்லாருக்கும் ஒன்றுதான். மண்ணில் என்ன குறை என்று செடியே காட்டும், பிறகு திருத்துவம் என்றார். பக்கத்தில் ஒரு மூலையில் கூட்டெருவுக்குக் குழி. சருகு, கிளிசரியா இலை, மாட்டெரு, சமையல் கழிவு எல்லாம் அதுக்குள். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் அதைப் புரட்டுவார்கள். மணம் பழகிவிட்டது என்று மகள் சொல்வாள். சாப்பிடும்போதும் மண்புழுக் கதைதான். உரமும் மருந்தும் அந்தக் காணிக்குள் வரக் கூடாது. விளைகிற கத்தரி பிள்ளைகளின் பகல் சாப்பாட்டுக் கறிக்கு.

ஒரு பை மண் போதவில்லை. நாலைந்து பை கொண்டுபோய்ப் பாத்தியை நிரப்பினேன்.

நாற்று வைத்தார்கள். மழை பிந்தியது. களி காய்ந்து வெடித்தது. மகள் தினமும் வந்து முறைப்பாடு. தண்ணி ஊற்றினால் வெடிப்பால் ஓடிப்போகுதாம். மற்றப் பிள்ளைகளின் செடிக்கு இலை விட்டாச்சாம். சிப்பிக்காரப் பிள்ளையின் செடிகூட எழும்பிட்டாம்.

நான் கத்தரி செய்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது நெல்லு. தண்ணி நிற்கவில்லை என்றால் வரம்பு கட்ட வேணும். சனிக்கிழமை போனேன். பாத்தியைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில் வரம்பு வைத்தேன். களியைக் குழைத்து, தட்டி, மண்வெட்டியின் முதுகால் மெழுகினேன். மூலைகள் நேராக வந்தன. வாளியால் தண்ணி நிரப்பினேன். நின்றது. மகள் கைதட்டினாள். அதை மாதிரி ஒரு பாத்தி அங்கே வேறு ஒருத்தருக்கும் இல்லை.

வேலி கட்ட வந்த ஒரு தகப்பன் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்ன மச்சான், கத்தரிக்கு விதைப்பு எப்ப? ஆனைக் காவலுக்கு வாடியும் போடுவமா?"

நான் சிரித்தேன். வரம்பை வெட்டிவிடவில்லை.

அடுத்த கிழமை மழை பிடித்தது. எங்கள் மழை பிடித்தால் விடாது. வட்டையில் எனக்கு விதைப்பு வேலை. பள்ளிக்கூடப் பக்கம் போக நேரம் இல்லை. தண்ணி நிற்குதப்பா என்று மகள் சொன்னாள். நிக்கட்டும், நல்லம் என்றேன். அவள் நம்பினாள். வரம்பை வெட்டிவிடுவமா என்று ரீச்சர் கேட்டபோதும், வேணாம் ரீச்சர், அப்பா நல்லம் எண்டவர் என்று சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு நாளில் பள்ளிக்கூடத்தில் சின்ன விழா வைத்தார்கள். தோட்டத்துக்கு முள்ளுக்கம்பி கொடுத்தவர் போடியார். மாடு வராமல் நாலு பக்கமும் அடித்தாச்சு. அவரைக் கூப்பிட்டு மாலை போட்டுத் தோட்டத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. பெற்றார் எல்லாரும் வர வேணும் என்றார்கள். வந்தவர்கள் இருக்க நான் கதிரை தூக்கிப் போட்டேன்.

போடியார் வருகிறார் என்று முதல் நாளே தெரியும். மகளுக்கு ஏதும் சொல்ல வேணும் என்றும் தெரியும். என்ன சொல்ல. காலையில் அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். வணக்கம், இது என்னுடைய பாத்தி, இது எங்கள் வயல் மண். நான் வாசலில் செருப்பைத் தேடினேன். செருப்பு காலிலேயே கிடந்தது.

பிள்ளைகள் பாத்திக்கு ஒருவராகப் பக்கத்தில் நின்றார்கள். அதிபரும் ரீச்சரும் போடியாரை ஒவ்வொரு பாத்தியாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெற்றார் பின்னால். ஆற்று மணலில் செடி மெலிவு, ஆனால் உயிரோடு. செம்மண்ணில் நல்லாக இருந்தது. சிப்பி மணலில் ஒரு செடி பூவும் வைத்திருந்தது. மகளின் பாத்தி ஒரு சின்னக் குளம். கத்தரி மஞ்சளாகி, கழுத்து முறிந்து, தண்ணிக்குள் படுத்திருந்தது. வரம்பு மட்டும் அப்படியே நின்றது.

ரீச்சர் அந்த இடத்தை வேகமாகக் கடக்கப் பார்த்தார். களி தண்ணியை விடாது, வேருக்குக் காற்று இல்லை, இனித்தான் திருத்தப் போறம் என்று சொன்னார். போடியார் நின்றுவிட்டார். வயல்காரர்தானே. மண்ணைக் கண்டால் நிற்பார். குனிந்து வரம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எவடத்து மண் புள்ள?"

"எங்கட வயல் மண் ஐயா. வாய்க்கால் ஓரம். மருதமரம் நிற்கிற வயல்."

"மருதமரத்தடி வயலா? அது ஆர்ட?"

"அப்பாட. பிறகு எனக்கு."

போடியார் நிமிர்ந்தார். அவர் தன்னையே பார்ப்பதைக் கண்டு, பெரியவரிடம் மரியாதையாக ஏதும் கதைக்க வேணும் என்று பிள்ளை நினைத்திருக்க வேணும். இன்னும் சொன்னாள்.

"உங்களைத் தெரியும் ஐயா. நீங்கதானே எங்கட நெல்லை ஏத்த லொறியில வாற."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் ஆட்கள் சிரித்தார்கள். அதிபர் இருமினார். ரீச்சர் கீழே பார்த்தார். போடியாருக்கும் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை.

"ஓம் புள்ள, நான்தான் ஏத்த வாற" என்றார்.

என்னைத் தேடிப் பார்த்தார். நான் இரண்டு கதிரையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மாமரத்துக்குக் கீழே நின்றேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மகளும் திரும்பினாள்.

நான் சிரித்தேன்.

வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னதில் என்ன பிழை என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா சிரிப்பது மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் அவளைச் சைக்கிளில் ஏறச் சொன்னேன். ஏறவில்லை. நான் உருட்டினேன், அவள் நடந்தாள். ஏன் எல்லாரும் சிரிச்ச என்று ஒருமுறை கேட்டாள். சும்மாதான் என்றேன். வீட்டுக்குப் போய்த் தாயைக் கேட்டாள். நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டது.

மனிசி மறைக்கவில்லை. அது போடியார்ர வயல் புள்ள, அப்பா அதில வேலை செய்யிற, அவ்வளவுதான் என்றாள். நெல்லும் அவர்ர, வாடியும் அவர்ர என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

திரும்பவும் மகளின் குரல் கேட்டது.

"அப்ப அப்பா ஏன் சிரிச்ச?"

மனிசி எழும்பி அடுப்படிக்குப் போகிற சத்தம் கேட்டது. நான் இரண்டாம் தரமும் கால் கழுவினேன்.

ஊர் சும்மா இருக்குமா. அடுத்த நாள் வட்டையில் எனக்குப் பேர் வைத்தாச்சு. போடியார் வாறார், வரம்பை விடுங்க என்பார்கள். போடியார், உங்கட வயலுக்குத் தண்ணி போதுமா என்பார்கள். லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசின் ஓட்டுகிறவன் என்னைக் கண்டால் மெசினை நிற்பாட்டிக் கும்பிடுவான். பகிடிதான். என்னோடு ஒன்றாகக் கூழ் குடிக்கிற ஆட்கள். வேறு ஆளுக்கு நடந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு நாள் மகளோடு கடைக்குப் போனபோது ரோட்டின் அந்தப் பக்கம் இருந்து ஒருவன் போடியார் என்று கத்திக் கூப்பிட்டான். அவள் என் கையை விட்டாள். விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

உண்மையான போடியார் அந்தக் கிழமை வயலுக்கு வந்தார். மழையால் மடை உடைந்த இடத்தைப் பார்த்தார். வேலைக் கதை எல்லாம் முடிந்து பிக்கப்பில் ஏறப் போகும்போது நின்றார்.

"புள்ளைக்கு நீ சொல்லல்லையா?"

"இல்ல போடியார்."

"ஏன்?"

நான் மண்வெட்டியில் ஒட்டின மண்ணைச் சுரண்டினேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். பிறகு, மண் தேவையெண்டால் கேட்டு எடு, நான் இல்லையெண்டா சொல்லப் போறன் என்றார். கோபம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

மகள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், தோட்டத்துக்குப் போகவில்லை. பிள்ளைகள் போடியார்ர மகள் என்று கூப்பிட்டார்களாம். மண் உருண்டையை வளையல் மாதிரி வளைத்துக் கொண்டுவந்து, இந்தா உன்ட சீதனம் என்று ஒரு பையன் நீட்டினானாம். பிறகு வயிற்றுக் குத்து என்றாள். பிறகு தலைக் குத்து. ஒரு கிழமைக்கு மேல் வீட்டில் நின்றாள். வாடிக்கும் வரவில்லை. காவல் காலம் தொடங்கியும் தாயோடு வீட்டில் படுத்தாள். கூட்டெரு, மண்புழு, அந்தக் கதைகள் எல்லாம் நின்றுபோயின.

படிப்பு எனக்கு வாய்க்கவில்லை. சண்டைக் காலம், ஓட்டம், ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. இவள் படிக்க வேணும் என்பதைத் தவிர எனக்கு ஒரு எண்ணம் இல்லை. அவள் ஆசைப்பட்டுப் போன ஒரே இடம் அந்தத் தோட்டம். அதை நான்தான் கெடுத்தேன். வரம்பு கட்டிக் கெடுத்தது கொஞ்சம். வாயைக் கட்டிக் கெடுத்ததுதான் கூடுதல்.

ரீச்சர் வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டியை வேலியில் சாய்த்துவிட்டு முருங்கைக்குக் கீழே நின்றே கதைத்தார். மனிசி கதிரை போட்டும் இருக்கவில்லை. தான் பிழை விட்டதாகச் சொன்னார். அவரவர் மண் என்று சொல்லியிருக்கக் கூடாது, மண் எல்லாரிடமும் இராது என்று யோசிக்கவில்லை என்றார். டவுனில் எங்களிட்டயும் காணி இல்ல, வாடகை வீடுதான் என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல நான் இன்னும் குறுகிப்போனேன். அவர் ஒரு பிழையும் விடவில்லை. கேட்ட நேரம் செய்யிறம் என்றவன் நான்.

வெள்ளிக்கிழமை பாத்திகளைத் திருத்தப் போவதாகவும், மகளின் பாத்தியை வேறு பிள்ளைக்குக் கொடுக்க மனம் இல்லை என்றும் சொன்னார். அவள் வராவிட்டாலும் நீங்க வாங்க அண்ணன், அந்தக் களியை எங்களால வெட்ட ஏலாது என்றார். மகள் அறைக்குள் இருந்தாள். திரைச்சீலை அசைந்தது.

வெள்ளி காலையில் வளவில் கிறவலை அரித்து, கல்லை எறிந்து, மிச்சத்தை இரண்டு பையில் கட்டினேன். மனிசியின் அக்கா வீட்டில் மாட்டெரு கேட்டு எடுத்தேன். கேட்டுத்தான். மகளை வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகம் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட, அவள் பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்றாள். பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தில் அவள் தள்ளி, சுவரோடு நின்றாள். நான் வரம்பை வெட்டினேன். நிறைந்து நின்ற தண்ணி கறுப்பாக ஓடியது. செத்த செடிகளைப் பிடுங்க, வேர் அழுகல் மணத்தது. களியைக் கொத்திப் பாதியை வெளியில் எடுத்தேன். பிள்ளைகள் சுற்றிவர நின்று பார்த்தார்கள். ரீச்சர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். களி ஒரு பங்கு, அரித்த கிறவல் ஒரு பங்கு, எருவும் கூட்டெருவும் ஒரு பங்கு. பாத்தி பள்ளமாக இருக்கக் கூடாது, மேடாக இருக்க வேணும், பக்கத்தால் தண்ணி வடிய வேணும். பிள்ளைகள் எருவைக் கையாலேயே அள்ளிப் போட்டார்கள். எனக்கும் அது பாடம்தான். இத்தனை வருசம் மண்ணில் தண்ணியை நிற்பாட்டத்தான் பழகினேன். வடிய விடப் பழகவில்லை.

வளையல் நீட்டின பையன் கேட்டான், இது ஆர்ட மண் என்று. பகிடிக்குக் கேட்டானா, உண்மைக்கும் கேட்டானா தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரீச்சரும் பார்த்தார். இதுதான் இடம் என்று எனக்கு விளங்கியது. சொல்லத்தான் போனேன். எல்லாரும் பார்க்கும்போது எனக்கு வருகிற அந்தச் சிரிப்பு, திரும்பவும் முகத்தில் வரப் பார்த்தது. குனிந்து மண்ணைக் கொத்தினேன்.

மகள் சுவரை விட்டு வந்தாள். பாத்திக்குப் பக்கத்தில் நின்றாள். பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"களி போடியார்ர. கேக்காம எடுத்த. கிறவல் எங்கட வளவு. எரு பெரியம்மாட மாடு." கொஞ்சம் நின்றாள். "வயல் எங்கட இல்ல. அப்பா அதில வேலை செய்யிற."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிப்பிக்காரப் பிள்ளை மட்டும், என்ட அப்பாவும் ஆர்ரயோ தோணியிலதான் மீனுக்குப் போற என்றது. அதைச் சொல்லிவிட்டு எருவை அள்ளப் போய்விட்டது. அந்தப் பையன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனான். பிள்ளைகளுக்கு அது அவ்வளவுதான்.

நான் நிமிரவில்லை. வளர்ந்த ஆள், மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. நான் சொல்ல வேண்டியதை ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காக நின்று சொல்லுது. களியைக் கொத்தினேன். கொத்தத் தேவையில்லாத இடத்தையும் கொத்தினேன். ரீச்சர், போதும் அண்ணன் என்றார்.

அவள் புது நாற்றை வைத்தாள். வேரைச் சுற்றி மண்ணை அணைத்து, விரலால் அமத்தி, வைக்கோல் பரப்பினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்னம் என்றால், சரியாப்பா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பாள்.

அடுத்த நாள் டவுனுக்குப் போய் போடியாரின் வீட்டு வாசலில் நின்றேன். மண் எடுத்ததுக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று. அவருடைய மனைவி வந்து, ஐயா கோயிலுக்குப் போயிட்டார், என்ன விசயம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை அம்மா, சும்மா வந்தன் என்று சொல்லித் திரும்பி வந்தேன். பஸ்ஸில் வரும்போது என்னை நானே ஏசினேன். பிறகு அவர் வயலுக்கு வந்த நாளில் சொன்னேன். வரம்பில் நின்று, மண் கேட்காமல் எடுத்தது பிழை, பிள்ளைக்குச் சொல்லாததும் பிழை என்றேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ தெரியாது. சரி சரி என்றார்.

வட்டையில் அந்தப் பேர் இன்னும் போகவில்லை. போகவும் மாட்டாது. வேறு ஒருவன் என்னைவிடப் பெரிய மடத்தனம் செய்யும் வரைக்கும் நான்தான் அங்கே போடியார். வீட்டில் இப்போது ஒருத்தரும் நம்மட வயல் என்று சொல்வதில்லை. மனிசிக்குச் சில நேரம் வாயில் வந்துவிடும். வந்தால் பாதியில் நிற்பாட்டுவாள். அப்போது மூன்று பேரும் வேறு பக்கம் பார்ப்போம். வெட்டு நாளில் லொறி வந்து நெல்லை ஏற்றும்போது, வாடிப் பக்கம் பார்த்தேன். முந்தின வருசங்களில் மூட்டையை எண்ணிக்கொண்டு அங்கே நிற்பாள். இந்த முறை வரவில்லை.

கத்தரி காய்த்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை கறி வைத்தார்கள். பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார்கள். மகள் கொண்டுவந்ததில் புழு விழுந்தது ஒன்று, வளைந்தது ஒன்று, மற்றது நல்லது. மருந்து அடிக்காத காய். மனிசி தேங்காய்ப்பால் விட்டுக் கறி காய்ச்சினாள்.

தின்றேன். தின்றுவிட்டுக் கை கழுவ எழும்பினேன். மகள் சோற்றுக் கோப்பையோடு இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்டும் சொல்லல்ல."

"என்ன?"

"கத்தரிக்கா எப்பிடி எண்டு. வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும் அப்பா."

மனிசி சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவாமல் திரும்பவும் அவளுக்கு முன்னால் இருந்தேன்.

"நல்லா இரிக்கு" என்றேன்.